கித்தேரியம்மாள் வீட்டுக்கு வராத மாடுகள்

வெயில் தாழ்ந்து, தைலமரங்களுக்கு நடுவே பனி இறங்கத் தொடங்கும் நேரத்தில் காட்டுமாடுகள் வரும். அட்டுவம்பட்டி ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதையில் ஒரு கிழட்டுப் பசு முன்னால் நடக்கும். கூட்டம் அதன் பின்னால் நடக்கும். பாதையில் முதலில் இருப்பது கித்தேரியம்மாளின் வீடு. கிழட்டுப் பசு அந்த வீட்டு கேட்டுக்கு முன்னால் நிற்கும். மூக்கைத் தூக்கி ஒரு மூச்சு இழுக்கும். பிறகு, பேச்சுவார்த்தை முறிந்துபோன சம்பந்தி வீட்டைத் தாண்டுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் அடுத்த வீட்டுத் தோட்டத்துக்குள் நுழையும். மொத்தக் கூட்டமும் அங்கேதான் நுழையும்.

அடுத்த வீடு தமயந்தியுடையது. அவள் வீடும் சரி, கித்தேரியம்மாள் வீடும் சரி, கொடைக்கானலைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ரூம் விடுகிற வீடுகள். மாடுகள் வந்துவிட்டன என்று தெரிந்ததும் கித்தேரியம்மாள் வீட்டு விருந்தாளிகள் அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலிகளையே தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் போட்டு ஏறி நிற்பார்கள். ஏறி நின்று, கழுத்தை நீட்டி, தமயந்தி வீட்டு மாடுகளைப் படம் எடுப்பார்கள். தமயந்தி வீட்டு விருந்தாளிகளோ மாடி பால்கனியில் காலாட்டிக்கொண்டு, கையில் டீக் கோப்பையோடு, சினிமாவில் வருவதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கித்தேரியம்மாளுக்கு வயிறு எரியும். அடுப்பில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, ஜன்னல் வழியாகச் சுவரோரம் வரிசையாகத் தெரிகிற முதுகுகளைப் பார்ப்பாள். என் நாற்காலி, என் டீ, என் குழம்பு, ஆனால் பார்ப்பது அவள் வீட்டை என்று கரண்டியைச் சட்டியில் ஓங்கித் தட்டுவாள். அந்தச் சத்தத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு காதைத் தூக்கும். அது அவளுக்குத் தெரியாது.

கித்தேரியம்மாளுக்கு அறுபது வயது நெருங்குகிறது. செண்பகனூரில் பிறந்தவள். அப்பா மிஷன் பங்களாத் தோட்டத்தில் ரோஜாக் கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணியவர். பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்த மனுவேலுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மனுவேல் ஹாஸ்டலில் சட்டி கழுவ, அவள் இந்த நிலத்தில் கேரட்டும் பீன்ஸும் முட்டைக்கோசும் போட்டு ஒற்றை மகள் பிரின்ஸியைப் படிக்கவைத்தாள். இப்போது பிரின்ஸி கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். மனுவேல் ரிட்டயர் ஆன வருஷம் தோட்டத்தை மூடி, வீட்டை ஒட்டி இரண்டு ரூம் கட்டினார்கள். பிரின்ஸி அதற்கு 'மிஸ்டி ரோஸ்' என்று பேர் வைத்து போனில் ஏற்றிவிட்டாள். முதல் இரண்டு சீசன் நன்றாகத்தான் போனது. அப்புறம்தான் மலையடிவாரத்து அய்யம்பாளையத்திலிருந்து தமயந்தி வந்து சேர்ந்தாள்.

தமயந்தியின் புருஷன் ராஜேஷ்குமார் வேன் ஓட்டுகிறவன். பக்கத்து வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, பெயின்ட் அடித்து, 'பைசன் வியூ' என்று பலகை மாட்டினான். தமயந்திக்கு ஸ்வெட்டர்கூடச் சரியாகப் போடத் தெரியாது; சேலைக்கு மேல் அதைத் துண்டுபோலச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருப்பாள். பேரிக்காய் மரத்துக்கும் பிளம்ஸ் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. காட்டுமாட்டை முதன்முதலாகப் பார்த்த அன்றைக்கு, கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சு விடாமல் இருட்டறைக்குள் உட்கார்ந்திருந்தவள். இன்றுவரைக்கும் மாடு வந்தால் அப்படியேதான். கதவைச் சாத்துவாள், சத்தமே வராது. இந்த மலையிலேயே பிறந்த கித்தேரியம்மாளை விட்டுவிட்டு, இப்படி ஒருத்தி வீட்டைத் தேடி மாடுகள் போனால் எரியாமல் என்ன செய்யும்?

எரிச்சலுக்கு மேல் எரிச்சல், பிரின்ஸியின் போன்.

"அம்மா, ரிவ்யூ பாத்தியா? 'பக்கத்து வீட்டுக்குத்தான் பைசன் வருது, அங்க தங்குங்க'ன்னு நம்ம பேஜ்லயே எழுதிட்டுப் போயிருக்காங்க. இந்த சீசனும் இப்படியே போச்சுன்னா வீட்ட வாடகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. நான் எத்தன தடவ சொல்றது?"

பிரின்ஸியின் வீடு ஐந்தாவது மாடியில் இருந்தது. கித்தேரியம்மாள் அங்கே போனபோதெல்லாம் லிஃப்டுக்குள் கண்ணை மூடி மாதாவை வேண்டிக்கொள்வாள். ஜன்னலைத் திறந்தால் எதிரில் இன்னொரு ஐந்தாவது மாடி. அங்கேயே காலத்தைத் தள்ள அவளால் முடியாது. ஆகவே அவளுக்குக் காட்டுமாடு வெறும் காட்டுமாடு இல்லை. அது வாசலுக்கு வந்தால் அவள் இந்த வீட்டில் இருப்பாள். வராவிட்டால் லிஃப்டில் ஏறுவாள்.

"அது பைசனே கெடையாது," என்று கித்தேரியம்மாள் விருந்தாளிகளிடம் சண்டைக்கு நிற்பாள். "பைசன் அமெரிக்காவுல இருக்கு. இது கவுர். உலகத்துலயே பெரிய காட்டுமாடு இதுதான். நாலு காலுக்கும் வெள்ள சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும் பாருங்க. கன்னு பொறக்கும்போது தங்கக் கலர்ல இருக்கும். நேப்பாளத்துல இருந்து மலேசியா வரைக்கும் இருக்கு. சிலோன்ல முந்தி இருந்து அழிஞ்சே போச்சு. போர்டுல தப்பா எழுதி மாட்டி வச்சிருக்கவுககிட்ட இதெல்லாம் கேக்க முடியுமா?"

மாடு அவளிடம்தானே இருக்கிறது, சேதி என்னிடம் இருக்கட்டும் என்று கித்தேரியம்மாள் முடிவுகட்டிய நாளிலிருந்து இது நடக்கிறது. மத்தியானம் சோலி முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் விலங்குப் படங்களாகப் பார்ப்பாள். ராத்திரிச் சாப்பாட்டில் ஒவ்வொரு தோசைக்கும் ஒரு விலங்கு என்று விழும். இமயமலைப் பக்கத்துப் பனிச்சிறுத்தைக்கு உறுமவே வராது, குளிருக்கு வாலைப் போர்த்திக்கொண்டு தூங்கும். புலிக்கு முடியைச் சிரைத்தாலும் தோலில் வரி இருக்கும். மலேசியாவில் ஒரு டாபிர் இருக்கிறது, பாதிக் கறுப்பு, பாதி வெள்ளை, அதன் குட்டி மட்டும் தர்ப்பூசணி மாதிரி வரி வரியாகப் பிறக்கும். போர்னியோவில் உராங்குட்டான் தினமும் சாயங்காலம் புதுசாகப் படுக்கை கட்டிக்கொண்டுதான் படுக்கும், மழை பெய்தால் இலையைக் குடையாகப் பிடிக்கும். ஜாவாவில் தேவாங்கு மாதிரி ஒன்று, முழங்கையில் சுரக்கிற விஷத்தை நக்கிக்கொண்டு வந்து கடிக்கும்.

"இந்தோனேசியாவுல கொமோடான்னு ஒரு பெரிய உடும்பு," என்று ஒரு நாள் திருப்பூர்க் குடும்பம் ஒன்றுக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே சொன்னாள். "அதுல பொட்ட, ஆம்பள தொணையே இல்லாம முட்ட விட்டுக் குஞ்சு பொரிச்சிரும். ஆம்பள எதுக்குன்னு கேக்கும்."

தோசை திருப்பிக்கொண்டிருந்த மனுவேல் அடுப்பைப் பார்த்தபடியே, "அப்ப தோசைய யாரு சுடுவா?" என்றார்.

விருந்தாளிகள் சிரித்தார்கள். "சூப்பர் ஆன்ட்டி," என்றார்கள். கை கழுவினதும், "ஆன்ட்டி, நாளைக்கு பைசன் எத்தன மணிக்கு அந்த வீட்டுக்கு வரும்?" என்று கேட்டார்கள்.

கித்தேரியம்மாள் அன்றைக்குத் தூங்கவில்லை. தூங்காமல் கிடந்து யோசித்ததில் உப்பு ஞாபகம் வந்தது. காட்டுமாட்டுக்கு உப்பு என்றால் உயிர். உப்பு மண்ணைத் தேடிப்போய் நக்கும். மறுநாள் கடையில் கல் உப்பு வாங்கிவந்து, ஹைட்ரேஞ்சியாச் செடிகளுக்குப் பக்கத்தில் இருந்த பாறையில் தூவிவைத்தாள். வனத்துறைக்காரர்கள் பார்த்தால் திட்டுவார்கள் என்று மனுவேல் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

உப்புக்கு முதலில் வந்தது காட்டுப்பன்றி. பாறையை முகர்ந்தது, உப்பை விட்டுவிட்டு ஹைட்ரேஞ்சியா வேர் முழுவதையும் கிண்டிப்போட்டுவிட்டுப் போனது. மாடுகள் வழக்கம்போல கேட்டுக்கு முன்னால் நின்றன, மூக்கைத் தூக்கின, தமயந்தி வீட்டுக்குள் போயின.

"என்ன மாயம் பண்ணுறா அவ?" என்று கித்தேரியம்மாள் புருஷனிடம் கத்தினாள். "தவிடு கிவிடு வைக்கிறாளா? புண்ணாக்கா?"

மனுவேல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் அவசரப்பட்டுச் சொல்கிற மனுஷர் இல்லை. சொல்லாமல் வைத்திருந்து, கேட்கிற நாளில் அப்படியே போட்டுவிடுவார்.

"அவ ஒண்ணும் பண்ணல கித்தேரி. அதான் காரணம். நீதான் பண்ணுன."

"நான் என்ன பண்ணுனேன்?"

"இருவது வருசம் தகர டின்ன அடிச்சது யாரு? முட்டக்கோசுக்குள்ள கால வச்சா போதும், நீ போடுற சத்தம் வில்பட்டிக்குக் கேக்கும். வெடி போட்ட, கல்லால அடிச்ச, தீப்பந்தம் தூக்கிக்கிட்டு ஓடுன. அந்தக் கெழட்டுப் பசு அப்ப கன்னுக்குட்டி. அது ஒன்ன மறந்திருக்கும்னா நெனைக்கிற? கூட்டத்தக் கூட்டிக்கிட்டுப் போறது அதுதானே. அது நிக்காத எடத்துல மத்தது நிக்காது."

"மாட்டுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது," என்றாள் கித்தேரியம்மாள். சொல்லும்போதே அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. காட்டுமாட்டுக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை என்று நேற்றுத்தான் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லியிருந்தாள். கூட்டத்தைக் கிழட்டுப் பசுதான் நடத்தும் என்பதையும் அவளேதான் சொல்லியிருந்தாள். ஊருக்கெல்லாம் சொன்ன சேதி தன் வாசலுக்கும் பொருந்தும் என்று மட்டும் தோன்றவேயில்லை.

அந்த வாரம் தமயந்தி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, எங்க தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. அய்யம்பாளையத்துல. நீங்க கட்டாயம் வரணும். இந்த மலையில எனக்குச் சொந்தம்னு யாரு இருக்கா? எங்க வீட்டுக்காரரு வேன்லயே போயிட்டு வந்துரலாம்க்கா."

முடியாது என்று சொல்லத்தான் கித்தேரியம்மாள் வாயெடுத்தாள். ஆனால் அவளுக்கு ஒரு யோசனை ஓடியது. இவள் வீட்டில் இல்லாவிட்டால் மாடுகள் இவள் வீட்டுக்கு வருகின்றனவா என்று பார்த்துவிடலாம். தமயந்தி இல்லாத வீட்டில் மாடுகள் ஏமாந்து திரும்பினால், அந்த ஒரு நாள் சந்தோஷமே போதும்.

"வாறேன் புள்ள," என்றாள்.

காதுகுத்து நன்றாகத்தான் நடந்தது. தென்னந்தோப்புக்குள் பந்தல், வேர்த்துக் கொட்டியது. மலைக்காரி கித்தேரியம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டு, தமயந்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மலையில் குளிரில் சுருண்டு கிடக்கும் தமயந்தி இங்கே எல்லோரையும் அதட்டிக்கொண்டு, "ஏலே, எலைய வெரசா போடுங்கடா" என்று பந்தி நடத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் கித்தேரியம்மாளுக்கு அதற்கும் ஒரு பொறாமை வந்தது. இவளுக்கு எந்த ஊரிலும் ஒரு மரியாதை இருக்கிறதே என்று.

வெயில் சாய்ந்த நேரத்தில் மனுவேலின் போன் வந்தது. மனுவேல் அப்படிக் கத்திப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"கித்தேரி! வந்துருச்சு! நம்ம வீட்டுக்கு வந்துருச்சு! கேட்டுல நின்னுச்சு, மூக்கத் தூக்குச்சு, நேரா உள்ள வந்துருச்சு. உப்புப் பாறையில நிக்குது. தங்கக் கலர்ல ஒரு கன்னுகூட இருக்கு. கெஸ்ட்டெல்லாம் குதிக்கிறாங்க. வீடியோ அனுப்பிருக்கேன் பாரு!"

வீடியோவில் அவள் வீட்டு வாசல் தெரிந்தது. அவள் துவைத்துப் போட்ட போர்வைக்குப் பக்கத்தில் கன்றுக்குட்டி நின்றது. கிழட்டுப் பசு பாறையை நக்கிக்கொண்டிருந்தது. சொந்த வீட்டில் நிற்பதுபோல நிம்மதியாக நின்றது. அவள் இத்தனை நாள் ஏங்கியது அத்தனையும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் இருந்தது. அவள் மட்டும்தான் அங்கே இல்லை.

தோளுக்கு மேல் எட்டிப்பார்த்த தமயந்தியின் முகம் சுருங்கியது. "எங்க வீட்டுக்குப் போகலியாக்கா?" என்று கேட்டாள். அந்தச் சுருக்கத்தைப் பார்ப்பதற்காகத்தான் கித்தேரியம்மாள் மலையிறங்கியே வந்தாள். ஆனால் பார்த்தபோது ஒன்றும் இனிக்கவில்லை. தமயந்தி வீட்டில் இல்லாததற்காக மாடுகள் ஏமாந்து திரும்பவில்லை. தான் இல்லாததற்காகச் சந்தோஷப்பட்டு உள்ளே வந்திருக்கின்றன. மனுவேல் சொன்னது உண்மை என்று அவளுக்கு அந்தப் பந்தலில் விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மனுவேல் சாணிக் குவியல்களைக்கூட அள்ளாமல் கண்காட்சி மாதிரி வைத்திருந்தார். புது ரிவ்யூவை வாசித்துக்காட்டினார். அப்புறம், பீன்ஸுக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டார்:

"ஏ கித்தேரி, சாயங்காலமானா நீ எங்கயாச்சும் போயிட்டு வந்திரேன். கோயிலுக்குப் போ. இல்ல, ஏரிப் பக்கம் நடந்துட்டு வா. சீசன் முடியிற வரைக்குந்தான்."

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பிரின்ஸி சொன்னது அவருக்கும் பயம்தான். லிஃப்ட் அவருக்கும் பிடிக்காது. அது தெரிந்தும் கித்தேரியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த வீட்டுக்கு நான் சுமந்த கல் எத்தனை, இந்த மண்ணில் நான் குனிந்த குனிவு எத்தனை, எல்லாம் போய்க் கடைசியில் மாட்டுக்காக வீட்டைவிட்டுப் போ என்கிறாரே என்று அழுதாள். அழுது முடித்துவிட்டு மறுநாள் சாயங்காலம் சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கோயிலுக்குப் போகப் பிடிக்கவில்லை. ஜெபம் பண்ணுகிற மனநிலையில் அவள் இல்லை. கால் தானாகத் தமயந்தி வீட்டுப் பின்கதவுக்குப் போனது. தமயந்தி ஒன்றும் கேட்காமல் உள்ளே கூப்பிட்டு, சமையலறை ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு, சுக்குக் காபி கொடுத்தாள்.

"இங்கன இருந்து பாருங்கக்கா. நான் கதவச் சாத்திர்றேன். எனக்கு இன்னும் பயந்தான்."

மாடுகள் வந்தன. கேட்டில் நின்றன, மூச்சு இழுத்தன, மிஸ்டி ரோஸுக்குள் நுழைந்தன. இரண்டாவது தடவையாகத் தன் வீட்டு வாசலில் காட்டுமாடுகள் நிற்பதைக் கித்தேரியம்மாள் பார்த்தாள். இந்தத் தடவை பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து. மனுவேல் ரூம் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு விருந்தாளிகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். காற்று இந்தப் பக்கம் அடித்ததால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"இது பைசனுங்க. ஆப்பிரிக்காவுலயும் இருக்கு. கன்னு பொறக்கும்போது தர்ப்பூசணி மாதிரி வரி வரியா இருக்கும்."

கித்தேரியம்மாள் ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டாள். அவளுடைய சேதிகள்! மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, கண் வலிக்க வலிக்கச் சேர்த்த சேதிகளை டாபிரையும் மாட்டையும் குழப்பி அள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். அதையும் அவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். வரி இல்லாத கன்றுக்குட்டி அவர்கள் கண்ணெதிரில் நின்றுகொண்டிருந்தது. சொந்தப் புருஷன்மேல் வந்த பொறாமையில் அவள் காது சிவந்தது. கத்தினால் மாடுகள் ஓடிவிடும். முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

தமயந்தி வேறொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் அவளுடைய விருந்தாளிகள் கோபமாக இறங்கி வருகிற சத்தம் கேட்டது. அவர்கள் பைசன் வியூவுக்காக ரூம் போட்டவர்கள்.

"அக்கா," என்றாள் தமயந்தி. காபி டம்ளரைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்க. காதுகுத்துக்குப் போற வரைக்கும் இங்கதான வந்துச்சு. நீங்க இங்க வந்து ஒக்காந்ததும் அங்க போயிருச்சு. நாளைக்கு... நாளைக்கு நீங்க ஒங்க வீட்லயே இருந்துக்கறீங்களாக்கா?"

கித்தேரியம்மாள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். மனுவேல், நீ வீட்டில் இருக்காதே என்கிறார். தமயந்தி, என் வீட்டில் இருக்காதே என்கிறாள். இந்த மண்பாதையில் சாயங்கால நேரத்தில் அவளுக்கு உட்கார ஒரு இடம் இல்லை. முதலில் அழுகை வருவதுபோலத்தான் இருந்தது. பாதியில் அது சிரிப்பாகிவிட்டது. இத்தனை நாள் மாடுகள் தமயந்தி பக்கம் என்று நினைத்து வெந்துகொண்டிருந்தாள். அந்த மாடுகளுக்குத் தமயந்தி யாரென்றே தெரியாது, மனுவேலையும் தெரியாது. எந்த வீட்டுக்குப் போவது, எந்த வீட்டைத் தாண்டுவது என்று அவை பார்ப்பது ஒரே ஒருத்தி எங்கே இருக்கிறாள் என்பதைத்தான்.

"சேசுவே," என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பில், பக்கத்து வாசலில் கிழட்டுப் பசு உப்புப் பாறையிலிருந்து தலையைத் தூக்கியது. ஜன்னலைப் பார்த்தது. விசில் அடிப்பதுபோல மூக்கால் ஒரு சத்தம் விட்டது. அடுத்த நிமிஷம் வாசல் காலி.

"ஏய்யா!" என்று ஜன்னல் வழியாகவே கத்தினாள் கித்தேரியம்மாள். இனிமேல் கத்தினால் என்ன. "வரி இருக்கிறது டாபிருக்கு! ஆப்பிரிக்காவுல இருக்கிறது வேற எரும!"

அன்றைக்கு ராத்திரி பிரின்ஸி கூப்பிட்டாள். அப்பா வீடியோ அனுப்பினார், புக்கிங் வருகிறது, இதே மாதிரி நீ வெளியே போயிட்டு வா, இல்லாவிட்டால் சீசன் முடிந்ததும் இங்கே கிளம்பி வா என்றாள்.

"வெளியவும் போகல, அங்கயும் வரல," என்றாள் கித்தேரியம்மாள். "நான் என் வீட்ல இருப்பேன். மாடு பாக்கணும்ங்கிறவுக தமயந்தி வீட்டுக்குப் போகட்டும். அந்த மாடு யாரப் பாத்து நடுங்குதுன்னு பாக்கணும்ங்கிறவுக இங்க வரட்டும். அப்படியே போடு ஒன் பேஜ்ல."

மறுநாள் வெள்ளனே எழுந்து உப்புப் பாறையைக் கழுவிவிட்டாள். சாயங்காலம், பரணிலிருந்து பழைய தோட்டத்துச் சால்வையை எடுத்துப் போர்த்தினாள். புகையும் மண்ணும் இன்னும் அதில் வாசம் அடித்தன. கேட்டுக்கு உள்ளே, வாசலுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மனுவேலைத் தோசைக்கல் பக்கம் அனுப்பிவைத்தாள். மதுரையிலிருந்து வந்திருந்த புதுக் குடும்பம் ஒன்று அவளுக்குப் பின்னால் படியில் உட்கார்ந்திருந்தது. இருபது வருஷத்துக் கதையை, டின் சத்தம் உட்பட, அவர்களுக்குச் சொல்லி முடித்திருந்தாள்.

பனி இறங்கியது. கிழட்டுப் பசு வந்தது. கேட்டுக்கு முன்னால் நின்றது, மூக்கைத் தூக்கியது. வழக்கம்போல முகத்தைத் திருப்பவில்லை. இத்தனை வருஷமாக டின்னோடு ஓடிவந்த வாசம் இன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருந்தது. கையில் டின் இல்லை, கல் இல்லை. பசுவுக்கு அது புரியவில்லைபோல. அது நின்றுகொண்டே இருந்தது. அதன் பின்னால் மொத்தக் கூட்டமும் பாதையில் நின்றது. கன்றுக்குட்டி தாயின் வயிற்றுக்கடியில் நின்று எட்டிப் பார்த்தது. கித்தேரியம்மாளும் பார்த்தாள். கொம்புக்கு நடுவில் நெற்றி நரைத்திருந்தது. உனக்கும் வயசாயிருச்சா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

"ஆன்ட்டி, உங்களத்தான் பாக்குது," என்று படியிலிருந்து யாரோ கிசுகிசுத்தார்கள்.

"வேற யாரப் பாக்கும்?" என்றாள் கித்தேரியம்மாள், உதட்டை அசைக்காமல்.

தமயந்தியின் தோட்டம் காலியாகக் கிடந்தது. மாடுகளும் அங்கே போகவில்லை, பால்கனியிலும் யாரும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகள் சுவருக்கு மேலே முளைத்தன. போன்கள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. கடைசியாக, ஸ்வெட்டரைத் துண்டுபோலச் சுற்றிக்கொண்டு, பயத்தில் பக்கத்திலிருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, தமயந்தியும் ஒரு நாற்காலியில் ஏறி நின்றாள்.